ஆஸ்டரிஸ்க்கை ஒரே கோரில் கட்டிப்போட்டால் போதுமா?

ஆஸ்டரிஸ்க், மார்க் ஸ்பென்சர் 1999-ல் தொடங்கிய இலவச போன் சர்வர். அதில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், "டாஸ்க்செட் போட்டு ஒரு கோரில் கட்டிடுங்க" என்பார்கள். அது பாதி வைத்தியம்தான்.

ஜி.711 முறையில் குரல் வினாடிக்கு 8000 மாதிரிகள். வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட். ஒரு திசைக்கு வினாடிக்கு 50. வேலை கனமில்லை, நேரம்தான் தவறக்கூடாது. லினக்ஸ் ஒரு புராசஸைக் கோர் விட்டுக் கோர் மாற்றினால், பழைய கோரின் கேஷில் இருந்ததைப் புதிதாக எடுக்கணும். கட்டிப்போட்டால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் அது மைக்ரோவினாடிக் கணக்கு. கோர் காலியாகக் காத்திருப்பதுதான் மில்லிவினாடிகளைத் தின்னும்.

வாடிப்பட்டி நான்குவழிச் சாலையில் ஆம்புலன்ஸை ஒரே லேனில் போகச் சொன்னால், லாரிகள் அந்த லேனை விட்டுவிடுமா? டாஸ்க்செட் புராசஸைத்தான் கட்டும். கோரை ஒதுக்கித் தராது. பேக்கப் அதே கோருக்கு வந்தால் ஆஸ்டரிஸ்க்குக்கு ஒதுங்கவும் இடமில்லை.

அதனால் நான் மற்றவர்களைத்தான் முதலில் கட்டுவேன். நான்கு கோர் என்றால் டேட்டாபேஸ், பேக்கப், ஆடியோ ஃபைல் சுருக்கும் வேலை எல்லாம் இரண்டில். மீதி இரண்டு ஆஸ்டரிஸ்க்குக்கு. பல த்ரெட்களில் ஓடுவதால் ஒரே கோர் கொடுத்தால் அவையே ஒன்றையொன்று காக்க வைக்கும்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்டரிஸ்க்குக்கு டாஸ்க்செட் போடும்போது சின்ன 'ஏ' ஆப்ஷனையும் சேருங்க. இல்லாவிட்டால் முதல் த்ரெட் மட்டும் மாறும். ஏற்கெனவே ஓடும் மற்றவை பழைய இடத்திலேயே இருக்கும்.