மழைச் சாலைக்கும் வேண்டும் முன்னேற்பாடு

ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. நாட்டின் மிக நீளமான அந்த நெடுஞ்சாலையின் வடமுனையைக் குளிர்காலத்தில் பனி மூடுகிறது. டயர்களில் இரும்புச் சங்கிலி பூட்டி ஓட்டுவதும், பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே புறப்படுவதும் அங்குள்ளோரின் வழக்கம். ஜெர்மனி போன்ற நாடுகளில், பனி படர்ந்த சாலையில் அதற்குரிய குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி தண்டனைக்குரியது.

அதே சாலையின் தென்முனையில் இருக்கும் நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முதன்மை. குமரி மாவட்டமோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பூ நெல் விளைந்த நாஞ்சில் நாட்டில், மழைக்கு முன்பே வரப்பைச் சீர்செய்து மடையைத் துப்புரவாக்கும் பழக்கம் உழவர்களுக்கு உண்டு. அந்த முன்யோசனை நம் வாகனங்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை.

ஈரச் சாலை எவ்வளவு ஆபத்தானது என்பதை எளிய கணக்கே காட்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு நிற்பதற்கு, நல்ல உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரும், ஈரச் சாலையில் சுமார் 35 மீட்டரும் தேவை. உறைபனியில் இது 140 மீட்டரைத் தாண்டும். மழை பனியளவு கொடியதன்று. ஆனால், பனியைக் கண்டு அஞ்சுபவன் வேகத்தைக் குறைக்கிறான். மழையைப் பழகியவன் குறைப்பதில்லை. வேறுபாடு அங்குதான் இருக்கிறது.

முன்னேற்பாடு டயரில் தொடங்க வேண்டும். டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக அல்ல. சாலையில் உள்ள நீரை வெளியேற்றுவதே அவற்றின் பணி. பள்ளம் தேய்ந்தால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கு அடியில் படலமாக நிற்கும். கார் தரையை விட்டு நீரின்மேல் வழுக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன் தரா. காருக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பள்ளங்களுக்கு இடையே சிறு மேடாக உள்ள தேய்மான அடையாளம் டயரின் மேற்பரப்புக்குச் சமமாகிவிட்டால், அந்த டயரை மாற்றியாக வேண்டும். காற்றழுத்தம் குறைந்த டயர் இன்னும் குறைவான வேகத்திலேயே நீரில் மிதக்கும் என்பதால், காற்றையும் முறையாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது பார்வை. கோடை வெயிலில் காய்ந்து இறுகிய வைப்பர் ரப்பர், முதல் மழையில் கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதில் கோடு கிழிக்கும். மழைக்கு முன்பே அதை மாற்றிவிடலாம், செலவு சிறிது. கண்ணாடியின் உட்புறம் படியும் நீராவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதை விட, ஏ.சி.யை இயக்கிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவது நல்லது, ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். முகப்பு விளக்கைத் தாழ்ந்த ஒளியில் வைக்க வேண்டும். ஓடும்போதே நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் சிமிட்டவிடும் பழக்கம் தவறானது; நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

வாகனத்தைப் போலவே ஓட்டுநரும் ஆயத்தமாக வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு குழைந்து வழுக்கும். முன்செல்லும் வாகனத்துடன் வழக்கமாக விடும் இடைவெளியை அப்போது இரட்டிப்பாக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. லாரியை முந்தி வெளியே வரும் காரைச் சட்டெனப் பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். அங்கே இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். குலசேகரத்துக்கு அப்பால் பேச்சிப்பாறை, கோதையாறு நோக்கி ஏறும் மலைச்சாலைகளில், இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவதே பிரேக்கைக் காக்கும் வழி.

நாஞ்சில் நாட்டுக்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. இங்குள்ள பல சாலைகள் குளக்கரையையும் கால்வாய்க் கரையையும் ஒட்டிச் செல்பவை. வெள்ளம் பெருகினால் சாலை எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் அறியாது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் மாவட்டத்தின் பல சாலைகள் நீரில் மூழ்கியதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழை இனி வராது என்று யாராலும் உறுதி கூற முடியாது.

ஓடும் நீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை அது நகர்த்திவிடும், 60 செ.மீ. என்றால் பெரிய வாகனங்களும் தப்புவது அரிது. ஆழம் தெரியாத தரைப்பாலத்தில், முன்னே ஒருவர் கடந்துவிட்டார் என்பதற்காக இறங்குவது அறிவுடைமை ஆகாது. தேங்கிய நீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலக் கூடாது. காற்று செல்லும் வழியில் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல் நீர் அமுங்காது. இன்ஜினின் உட்பாகங்கள் வளைந்து முறியும். அவ்வாறு இயக்கியதால் நேர்ந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு வெள்ளச் சேதத்துக்கு எந்த இழப்பீடும் இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தையும் மழைக்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

அரசின் கடமையும் இதில் உண்டு. தரைப்பாலங்கள்தோறும் நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுக் கம்பங்கள், குளக்கரைச் சாலைகளில் இரவிலும் ஒளிரும் எல்லைக் கற்கள், நீர் பெருகும்போது உடனே மூடத்தக்க தடுப்புகள் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அணை திறக்கும் அறிவிப்பு ஆற்றங்கரை மக்களைச் சேர்வதைப் போல, சாலையில் செல்வோரையும் சேர வேண்டும்.

பனி பெய்யும் நாட்டில், டயரை மாற்றாத ஓட்டுநரைச் சட்டம் தடுத்து நிறுத்துகிறது. இங்கே அந்த முடிவு பெரும்பாலும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. மழை தணியும்வரை பயணத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதால் இழப்பு ஒரு மணி நேரம் மட்டுமே. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது நாம் விரைந்து வருவதன்று, வந்து சேர்வதுதான்.