கணினி விழிக்க மறுத்தால்



ஒரு தவணையின் இறுதியிலே எங்கள் பாடசாலைக் காரியாலயத்துக் கணினி காலையில் விழித்தெழ மறுத்துவிட்டது. கரிய திரையில், பணிசெயல் முறைமை காணப்படவில்லை என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் நின்றது. பத்தாண்டுக் காலப் புள்ளிப் பதிவுகள் அதற்குள்ளேதான் இருந்தன. பார்வையிட வந்தவரோ, உள்ளிருக்கும் வன்தட்டை முற்றாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவவேண்டும் என்றார். நல்ல வேளையாக, முதல்நாள் மாலை இலிகிதர் பிரதி எடுப்பதற்கெனச் செருகிய வெளி வன்தட்டு கழற்றப்படாமல் இருந்ததை மாணவி ஒருத்தி கண்டாள். அதனைக் கழற்றியதும் கணினி வழமைபோல் எழுந்தது!

இது எவ்வாறு நிகழ்ந்தது? மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றிற் பதிந்த சிறு நிரலே முதலில் இயங்குகின்றது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயோஸ், பிற்காலத்தனவற்றில் யூ.ஈ.எவ்.ஐ. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை எங்கே இருக்கின்றதென்று அது தட்டுகளை ஒரு வரிசைப்படி சோதிக்கும். வெளித்தட்டு வரிசையில் முன்னிற்குமாயின், பயோஸ் அதன் முதல் 512 பைற்றுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரு பைற்றுகளிலே உரிய அடையாளம் இருந்தால், அங்குள்ள கட்டளைகளை நம்பி நடக்கத் தொடங்கும். வெறுங் கோப்புகளை வைக்கும் தட்டிலும் அவ்வடையாளம் இருப்பதுண்டு. ஆனால் அங்கே பணிசெயல் முறைமை இராது. கணினி வழியிலே நின்றுவிடும். பிளொப்பித் தட்டை உள்ளே மறந்துவிட்டுத் திகைத்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

வேறு காரணங்களும் உள. யூ.எஸ்.பி. 2.0 வாயில் தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லியம்பியர் மட்டுமே. சுழலத் தொடங்கும் தட்டுக்கு அது போதாமற் போகலாம். பழுதுறும் தட்டு மறுமொழி தரத் தாமதிக்க, கணினி காத்தே கிடக்கும்.

ஆகவே கணினியை நிறுத்தி, தட்டைக் கழற்றி, மீண்டும் இயக்குங்கள். எழுந்தபின் தட்டைச் செருகிப் பாருங்கள். கோப்புகள் இயல்பாகத் திறந்தால் குறை பெரும்பாலும் வரிசையிலேதான். 'டக் டக்' என்ற ஓசை எழுந்தாலோ, தட்டை வடிவமைக்கவா என்று விண்டோஸ் வினவினாலோ, இசைந்துவிடாதீர்கள். வடிவமைத்தால் உள்ளிருப்பவை கைக்கெட்டாமற் போய்விடும். மீட்கக்கூடியவற்றை முதலில் வேறிடத்துக்குப் பிரதி செய்யவேண்டும்.

வரிசையை மாற்றுவது எளிது. இயக்கியவுடன் எவ் 2 அல்லது டிலீட் சாவியைப் பலமுறை தட்டினால் அமைப்புத் திரை தோன்றும். சாவி கணினிக்குக் கணினி வேறுபடும். தொடக்க வரிசையில் உள் வன்தட்டை முதலிடத்தில் வைத்துச் சேமியுங்கள். யூ.எஸ்.பி. வசதியையே நிறுத்திவிடலாமென்று சிலர் சொல்வர். நான் அதற்கு உடன்படேன். சாவிப்பலகையும் அவ்வழியே இணைந்திருந்தால் அதே திரையில் எதனையும் தட்டச்சு செய்ய இயலாது போகலாம்.

எங்கள் கணினிக்கு வரிசை மாற்றமே போதுமாயிற்று. எனினும் இலிகிதர் இப்பொழுது மாலைதோறும் தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுகின்றார். மின்னல் கணினியைத் தாக்கினால் செருகியிருக்கும் பிரதியும் உடன் அழியக்கூடும் என்பது அவர் வாதம், அது சரியே.