நம் உறவினர் வாழும் காடு

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றன? பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சிங்கப்பூர் நல்ல இடம். லிட்டில் இந்தியாவில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில்தான் நம் சொந்தங்கள் இருக்கின்றன.

மனிதனையும் குரங்கையும் ‘பிரைமேட்’ என்ற ஒரே வரிசையில், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-லேயே வைத்துவிட்டார். அந்த வரிசையில் நமக்குத் தூரத்துச் சொந்தம் சுந்தா தேவாங்கு. சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் இரவில் மெல்ல நகரும் பிராணி. அதன் காலைப் பாருங்கள்: இரண்டாம் விரலில் மட்டும் உரோமம் கோதக் கூரிய நகம்; மற்ற விரல்களில் நமக்கு இருப்பதுபோலத் தட்டை நகம். அதன் கிளையும் நம் கிளையும் பிரிந்து 6 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது.

பூங்காக்களில் கன்னப் பையில் தீனியை அடக்கிக்கொண்டு ஓடும் நீள்வால் மக்காக் குரங்கு இன்னும் நெருக்கம். சுமார் 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அதற்கும் நமக்கும் ஒரே மூதாதை. அந்த மூதாதையிலிருந்து பிரிந்த ஒரு கிளை வாலை இழந்தது. டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள் சிறு டிஎன்ஏ துண்டு ஒன்று நுழைந்ததே அதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்கிறது 2024-ல் வெளியான ஆய்வு. மண்டாய் விலங்குத் தோட்டத்தின் ஒராங்குட்டான், சிம்பன்சி, நாம் எல்லாரும் அந்த வாலில்லாக் கிளை. சிம்பன்சியும் நாமும் பிரிந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக, மக்காக் நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. நாம் நம் வழியில் மாறினோம், அது தன் வழியில் மாறியது.

வகைப்படுத்தும் வேலை லின்னேயஸோடு முடிந்துவிடவில்லை. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்ற குரங்கு சிங்கப்பூரில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1838-ல் பெயர் பெற்றது. கரிய உடல், உள்தொடையில் வெள்ளைப் பட்டை, இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் அறைகள் கொண்ட இரைப்பை. மனிதரைக் கண்டால் உச்சிக்கிளைக்குத் தாவிவிடும். பிடித்து ரத்தம் எடுப்பது நடக்காது. ஆகவே ஆய்வாளர் ஆண்டி ஆங் குழுவினர் காட்டில் அதன் எச்சத்தைத் தேடிப் பொறுக்கி, அதிலிருந்த டிஎன்ஏவைப் படித்தார்கள். இந்த லங்கூரையும் சேர்த்து ஒரே இனத்தின் மூன்று உட்பிரிவுகள் என்று கருதப்பட்டவை மூன்று தனி இனங்கள் என 2020-ல் தெரியவந்தது. எச்சத்திலிருந்து இவ்வளவு பெரிய உண்மையை எடுத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

தனி இனம் என்றானதும் அதன் எண்ணிக்கை குறித்த கவலையும் கூடியது. புக்கிட் தீமா காட்டின் கடைசி லங்கூர் 1987-ல் நாய்கள் கடித்து இறந்தது. இன்று சிங்கப்பூரில் மிஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு. அவை தரையிறங்காமல் சாலையைக் கடக்க, பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.