நம்ம வலைத்தளத்துக்கு எந்த சர்வர்? விண்டோஸா, லினக்ஸா?



நம் கூட்டமைப்புக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. ஊறுகாய், வேர்க்கடலை மிட்டாய், துணிப்பை, நெசவுக் குழுக்களின் லுங்கி, துண்டு எல்லாவற்றையும் படம் போட்டு, விலை போட்டு வைக்கலாம் என்பது திட்டம். இரண்டு கம்பெனிகளிடம் இருந்து விலைப்புள்ளியும் வந்துவிட்டது. ஒருவர் "விண்டோஸ் ஹோஸ்டிங்" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் "லினக்ஸ் ஹோஸ்டிங்" என்று எழுதியிருக்கிறார். விண்டோஸுக்கு வாடகை அதிகம். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடப்போவது நாம்தான். பணமும் நம் சந்தாப் பணம்தான்.

"இன்னாம்மா இது, நமக்கு இன்னா தெரியும், படிச்ச பசங்க பார்த்துப்பாங்க" என்று போன கூட்டத்திலேயே ஒரு குரல் கேட்டது. கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், மடியைத் தொட்டுப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வருகிறோமா? இதுவும் அப்படித்தான். நாலு விஷயம் தெரிந்தால் போதும், நாமே கேள்வி கேட்கலாம்.

முதலில் சர்வர் என்றால் என்ன? அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் இரவும் பகலும் அணையாமல், இன்டர்நெட்டோடு இணைந்தே இருக்கும். நம் வலைத்தளத்தின் படங்களும் எழுத்துகளும் அதில்தான் இருக்கும். சென்னையில் ஒருவர் போனில் நம் பக்கத்தைத் திறந்தால், அந்த சர்வர் எடுத்து அனுப்பும். திருவாலங்காட்டில் கரண்டு போகிற போக்குக்கு, அதை நம் அலுவலகத்தில் வைக்க முடியாது. அதனால் கம்பெனிக்காரருடைய சர்வரில் இடம் வாடகைக்கு எடுக்கிறோம். இதுதான் ஹோஸ்டிங்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் இருக்கிறது, அறை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. ஆனால் மேனேஜர் என்று ஒருவர் இல்லையென்றால் எந்த அறை யாருக்கு, சாவி யாரிடம், ஜெனரேட்டரை எப்போது போடுவது, வெளியாள் உள்ளே வந்தால் யார் தடுப்பது? கம்ப்யூட்டரில் அந்த மேனேஜர் வேலையைச் செய்வதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் ஒரு மேனேஜர், லினக்ஸ் இன்னொரு மேனேஜர். சமையல்காரர் யார் என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் கம்பெனியுடையது. உரிமக் கட்டணம் கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். லினக்ஸ் கதை வேறு. 1991-ல் ஃபின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன் எழுதத் தொடங்கினார். எழுதியதை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்த்தார்கள். நம்ம குழு மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பெருக்கியது.

"லினக்ஸா, கேள்விப்பட்டதே இல்லையே" என்று சொல்லாதீர்கள். உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ்தான். 2011-ல் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு பெயர் காட்டும், விண்டோஸ் ஒன்று, பாஸ் ஒன்று. அந்த பாஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில் இருந்து 2007-ல் வெளியிட்ட லினக்ஸ். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பது வேறு கதை! அதற்கும் முன்னால், 2006, 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்துக்குத் தலைமையேற்றிருந்தபோது, அங்கே கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோதும், அரசு அலுவலகங்களில் பாஸ் போடச் சொல்லி தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆக, நம் மாநிலத்துக்கு இது புதுசு இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கு, அப்ப ஹோஸ்டிங்கும் விண்டோஸ்தானே எடுக்கணும்?" என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. நாம் இந்தப் பக்கம் விண்டோஸில் உட்கார்ந்து அந்தப் பக்கம் லினக்ஸ் சர்வரில் படம் ஏற்றலாம். வாங்குகிறவர் எந்த போனில் பார்த்தாலும் தெரியும். எதிர்முனையில் எந்த மேனேஜர் என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாது. இதை ஒரு விற்பனைக்காரர் வேறு மாதிரி சொன்னால் அவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இப்போது செலவு. விண்டோஸ் சர்வருக்கு உள்ள உரிமக் கட்டணம் நம் வாடகையில் சேர்ந்துதான் வரும், விலைப்புள்ளியில் தனியாக எழுதாவிட்டாலும். இன்னொன்று, அது சாப்பிடுகிற இடமும் அதிகம். திரையும் ஐகானும் உள்ள விண்டோஸ் சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபி ராமும் 32 ஜிபி டிஸ்க்கும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. திரை இல்லாமல் வெறும் எழுத்தில் ஓடுகிற டெபியன் லினக்ஸ் அரை ஜிபி ராமிலேயே எழுந்து நிற்கும். சின்ன இடத்தில் நிறையப் பேரைக் குடிவைக்கலாம் என்பதால்தான் லினக்ஸ் ஹோஸ்டிங் மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்பதால் மட்டமோ என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் முதல், உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் இருப்பது அத்தனையும் லினக்ஸ்தான்.

ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துவிடக் கூடாது. முக்கியமான கேள்வி இதுதான்: நம் வலைத்தளம் எதில் எழுதப்பட்டிருக்கிறது? அதாவது சமையல்காரர் யார்? வேர்டுபிரஸ் என்று ஒன்று இருக்கிறது. 2003-ல் வந்தது, காசு இல்லை, கடைப்பக்கமும் அதில் அமைக்கலாம். அது பிஎச்பி என்ற மொழியில் எழுதியது, மைஎஸ்கியூஎல் என்ற தகவல் பெட்டியில் கணக்கு வைக்கும். இந்த மூன்றும் லினக்ஸோடு சேர்ந்தே வளர்ந்தவை. நம்மிடம் உள்ளது பொருள் பட்டியல், படம், செய்தி, போன் நம்பர். இதற்கு வேர்டுபிரஸும் லினக்ஸும் தாராளம்.

கம்பெனிக்காரர் ஏஎஸ்பி டாட் நெட் என்ற மைக்ரோசாஃப்ட் முறையில் எழுதித் தருகிறேன் என்றால் பழையபடி விண்டோஸ்தான் கேட்பார். 2016-க்குப் பிறகு வந்த டாட் நெட் லினக்ஸிலும் ஓடும். அதனால் "விண்டோஸ் இல்லாமல் ஓடாதா?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அவரிடம் இருக்கிற பழைய சரக்கை நம் தலையில் கட்டுகிறாரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். விண்டோஸ் எடுத்தே ஆக வேண்டிய இடமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் அதற்காக மாற்றி எழுதுவது வீண் செலவு. நம் டேலி கணக்கும் விண்டோஸில்தான் ஓடுகிறது. அது அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும், வலைத்தளத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பு. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோது லினக்ஸ் சர்வர்கள் ஏராளமாக அவசர அவசரமாகத் திருத்தப்பட்டன. விண்டோஸ் பக்கம் நடந்தது நமக்கு இன்னும் பக்கத்தில். 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கொடு என்று மிரட்டியது. அதில் ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்கள் மாட்டின, பக்கத்துச் சித்தூர் மாவட்டம் உட்பட. திருமலை திருப்பதி தேவஸ்தானத்திலும் சில கம்ப்யூட்டர்கள் மாட்டின. இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆகவே எந்த மேனேஜர் என்பதைவிட, கதவுக்குப் பூட்டுப் போடுகிற ஆள் யார் என்று கேளுங்கள். "திருத்தங்களை யார் போடுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை?" இதை எழுத்தில் வாங்க வேண்டும்.

லினக்ஸ் என்றால் அதிலும் பல வகை. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட், அல்மா என்று. மாம்பழம் என்றால் பங்கனபள்ளியும் மாம்பழம், ருமானியும் மாம்பழம், அப்படி. இங்கே ஒரு அடி வாங்கிய கதை உண்டு. சென்ட்ஓஎஸ் என்ற வகையை ஹோஸ்டிங் கம்பெனிகள் பல வருடம் நம்பி ஓட்டின. அதன் 8-ம் பதிப்பு 2029 வரை வரும் என்று இருந்தது. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் திடீரென்று 2021 கடைசியோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டது. உலகம் முழுக்க ஆட்கள் ஓடினார்கள். அந்த இடத்தை நிரப்ப 2021-ல் அல்மா, ராக்கி என்று இரண்டு புது வகைகள் வந்தன. 7-ம் பதிப்புக்கும் 2024 ஜூன் 30-ல் கதை முடிந்தது. இன்னும் அதையே வைத்துக்கொண்டு நமக்கு வாடகைக்கு விடப் பார்க்கிறவர் இருக்கலாம். காலாவதி தேதி பார்க்காமல் மிட்டாய் வாங்குவோமா?

உபுண்டுவில் எல்டிஎஸ் என்ற பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 வருடம் திருத்தம் கிடைக்கும். 2024 ஏப்ரலில் வந்தது 2029 வரை. டெபியனுக்கும் ஏறக்குறைய 5 வருடம். விண்டோஸ் சர்வருக்கு 10 வருடம் கொடுக்கிறார்கள், அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதிலும் 2012 பதிப்பு 2023 அக்டோபரோடு முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி கடைசி. பெயரை மட்டும் கேட்காமல் எந்த வருடத்துப் பதிப்பு என்று கேட்க வேண்டும்.

சின்ன விஷயங்கள் இரண்டு. லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஊறுகாய் படத்துக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினால் படம் வராது. நம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது சரியாக வரும், சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். படம் ஏற்றுகிற பெண்கள் எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே வைத்துப் பழகட்டும். அடுத்தது தமிழ். நம் பகுதியில் தெலுங்கும் வேண்டும், நகரி, புத்தூர் பக்கத்து வியாபாரிகள் பார்க்க வேண்டுமே. யூனிகோடு எழுத்தில் போட்டால் இரண்டு மொழியும் இரண்டு சர்வரிலும் வரும். தகவல் பெட்டியை யூனிகோடுக்கு அமைக்காமல் விட்டால்தான் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி கேள்விக்குறியாக மாறும். அப்போது "லினக்ஸில் தமிழ் வராதும்மா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், லினக்ஸ் ஹோஸ்டிங் எடுக்கலாம். தனி சர்வர் வேண்டாம். பலரோடு பங்கு போட்ட இடம் போதும், அதில் மேனேஜரைக் கவனிப்பது கம்பெனியின் பொறுப்பாகிவிடும். தனி சர்வர் எடுத்தால் திருத்தம் போடுவது நம் தலையில் விழும், அதற்கு இப்போது நம்மிடம் ஆள் இல்லை. ஆள் உருவாக்க முடியாதா என்றால், முடியும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடம் தமிழிலேயே காசில்லாமல் இருக்கிறது. 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழும் தமிழில் இதைச் சொல்லித் தருகிறது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம் உறுப்பினர்களின் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உறுப்பினர்களின் சேமிப்பு, உள்கடன் பாக்கி, வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், இவை எதுவும் அந்த சர்வரில் ஏறக் கூடாது. விண்டோஸானாலும் சரி, லினக்ஸானாலும் சரி. யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது குழுவுக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: வலைத்தளப் பெயர் கம்பெனிக்காரர் பெயரில் இல்லாமல் கூட்டமைப்பின் பெயரில் பதிவாக வேண்டும். பாஸ்வேர்டு தலைவி, செயலாளர் இருவரிடமும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை முழு நகல் நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். கம்பெனியை மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் 15 நாளில் ஒப்படைக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்கிறவரின் விலைப்புள்ளியை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.