உயிர்காக்கும் ஊசி எப்போதும் கையருகே இருக்கட்டும்

தேனீக் கொட்டு, வேர்க்கடலை, முந்திரி, இறால், முட்டை, பால் போன்ற உணவுகள், சில வலிநிவாரணிகள், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஆகியவற்றால் ஒரு சிலருக்கு உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை ஏற்படுகிறது. இதனை மருத்துவர்கள் அனஃபிலாக்சிஸ் என்பர். இதற்கு ஒருமுறை ஆளாகி, சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்கு அட்ரினலின் ஊசி மருந்தை எழுதிக் கொடுக்கிறோம். மறுபரிசோதனைக்கு வரும்போது "மருந்து எங்கே?" என்று கேட்டால், "வீட்டில் பத்திரமாக இருக்கிறது" என்றே பலரும் விடை தருகின்றனர்.

ஆனால் நம் பகுதி மக்கள் நாளின் பெரும்பகுதியை வீட்டுக்கு வெளியே கழிப்பவர்கள். ஓசூர் சிப்காட் ஆலைகளிலும், ரோஜாப் பண்ணைகளிலும், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும், அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூரு செல்லும் பேருந்துகளிலும் இருக்கும்போது, வீட்டு அலமாரியில் உள்ள மருந்து உதவாது. அம்மருந்தைச் சிரமமின்றி எப்போதும் உடன் வைத்திருக்கும் வழிகளை இங்கு விளக்குகிறோம்.

ஏன் இத்தனை அவசரம்?

கடும் ஒவ்வாமையால் பிரிட்டனில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நின்றுபோவதற்கு உணவு ஒவ்வாமையில் ஏறத்தாழ 30 நிமிடங்களும், தேனீ, குளவிக் கொட்டில் 15 நிமிடங்களும், மருத்துவமனையில் செலுத்தப்பட்ட மருந்துகளால் நேர்ந்தவற்றில் 5 நிமிடங்களுமே ஆயின என்று அவர் கண்டார்.

அஞ்செட்டி மலைப்பகுதியில் ஒருவரை மலைத்தேனீக்கள் கொட்டினால், அவர் ஓசூர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஊருக்குள்ளேயே இருந்தாலும், ஆலைப் பணி நேரம் மாறும் வேளைகளில் நெடுஞ்சாலை நெரிசலைக் கடப்பது எளிதன்று. ஆதலால் முதல் ஊசி, நோயாளி இருக்கும் இடத்திலேயே போடப்பட வேண்டும்.

அவில், செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். வீங்கும் தொண்டையைத் திறக்கவோ, வீழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தவோ அவற்றால் இயலாது. ஸ்டீராய்டு மருந்துகள் வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அனஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே.

பேனா ஊசியும் கண்ணாடிக் குப்பியும்

பல நாடுகளில் அட்ரினலின் பேனா வடிவில் கிடைக்கிறது. தொடையில் அழுத்தினாலே குறித்த அளவு மருந்து உட்செல்லும். நம் ஊர் மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை மிக அதிகம். எனவே பெரும்பாலோருக்கு நாங்கள் தருவது சிறு கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சும்தான். இதன் விலை மிகக் குறைவு. ஆனால் இதற்குப் பயிற்சி வேண்டும்.

கனடாவில் 2001-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், குப்பியிலிருந்து குழந்தைக்குரிய அளவு மருந்தை எடுக்கப் பெற்றோருக்குச் சராசரியாக 2 நிமிடங்களுக்கு மேலாயிற்று. மருத்துவர்கள் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டனர். பெற்றோர் எடுத்த மருந்தின் அளவும் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபட்டது. ஆகவே, காலாவதியான குப்பியைக் கொண்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகுங்கள். இதனை நோயாளி மட்டுமின்றி, வீட்டில் இருவரேனும் பழக வேண்டும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

மூக்குக் கண்ணாடி வைக்கும் கெட்டியான கூடு இதற்கு மிகப் பொருத்தமானது. குப்பி உடையாது, வெளிச்சம் படாது, சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ அடங்கும். அதனுள் கீழ்க்கண்டவை இருக்கட்டும்:

- 1 மி.லி.யில் 1 மி.கி. அட்ரினலின் உள்ள குப்பிகள் இரண்டு. முதல் ஊசிக்குப் பின் 5 நிமிடங்களில் முன்னேற்றம் இல்லையெனில் இரண்டாவது தேவைப்படும்.
- ஓர் அங்குல ஊசியுடன் கூடிய 1 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டு. இன்சுலின் சிரிஞ்சு கூடாது. அதன் ஊசி குட்டையானது, தசையை எட்டாது. அதன் கோடுகள் மி.லி. அளவைக் காட்டுவதும் இல்லை.
- குப்பியின் கழுத்தை உடைக்கும்போது விரலைக் காக்கச் சிறு துணி மடிப்பு.
- உங்களுக்குரிய அளவு எழுதிய சீட்டு. ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி. என்பது கணக்கு, பெரியவர்களுக்கு உச்ச அளவு 0.5 மி.கி., அதாவது அரை குப்பி. முழுக் குப்பியையும் ஒரே தடவையில் செலுத்திவிடக் கூடாது. அளவை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

சீட்டு தமிழில் மட்டும் இருந்தால் போதாது. நம் பகுதியில் உங்கள் அருகில் இருப்பவர் கன்னடமோ, தெலுங்கோ, இந்தியோ பேசுபவராக இருக்கலாம். ஆகவே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, தொடையில் ஊசி போடும் இடத்தைப் படமாகவும் வரைந்து வையுங்கள்.

எங்கே வைப்பது?

*ஆலையில்:* பணியிடத்துக்குள் பை கொண்டுசெல்லப் பல ஆலைகள் அனுமதிப்பதில்லை. உணவுப் பொருள் ஆலைகளில் கண்ணாடிக்கே தடை இருக்கும். மருந்தை லாக்கரில் பூட்டிவிட்டுச் சென்றால், மயங்கி விழும்போது சாவி யாரிடம் இருக்கும்? மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, மருந்தை உடன் வைத்திருக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். இயலாவிடில், ஆலையின் முதலுதவி அறையில் உங்கள் பெயரிட்ட பெட்டி ஒன்றை ஒப்படையுங்கள். 500-க்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் அத்தகைய அறை வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்ற விதி. இரவுப் பணியிலும் அறை திறந்திருக்குமா என்பதையும் கேட்டறியுங்கள்.

*பயணத்தில்:* பேருந்தில் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கும் பையில் மருந்து வேண்டாம். மடியிலிருக்கும் பையில் இருக்கட்டும். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி எஞ்சின் சூட்டில் கொதிக்கும் இடம். மூடிய காரும் அவ்வாறே.

*பள்ளியில்:* புத்தகப் பை வகுப்பறையில் இருக்கும். பிள்ளை மைதானத்தில் இருப்பாள். ஆகவே பூட்டப்படாத ஓரிடத்தில், ஆசிரியர்கள் அறிய இரண்டாவது பெட்டி ஒன்று இருத்தல் நலம்.

*தோப்பிலும் பண்ணையிலும்:* மதிய உணவுத் தூக்கோடு மரத்தடியில் வைத்துவிட்டுத் தொலைவில் வேலை செய்யாதீர்கள். இடுப்பில் கட்டும் பை, புடவையின் மேல் அணியும் சட்டையின் பை ஆகியவை ஏற்றவை.

வெயிலும் காலாவதியும்

அட்ரினலினை 25 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஓசூரின் குளுமையை நம்பிப் பழகியவர்கள், கோடையில் கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது கூடுதல் கவனம் கொள்க. இன்சுலினுக்கு விற்கப்படும் வெப்பத்தடுப்புப் பையில் கூட்டை வைக்கலாம். பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. உறைந்த மருந்து பயனற்றது.

மருந்து நீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் புதியது வாங்குங்கள். குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதியைத் தைப்பொங்கலன்றும் ஆடிப்பெருக்கன்றும் பார்ப்பது என வைத்துக்கொண்டால் மறவாது. 2017-ஆம் ஆண்டில் பால் ஒவ்வாமை உள்ள 13 வயது மாணவன் ஒருவன் லண்டன் பள்ளி ஒன்றில் கடும் ஒவ்வாமைக்கு ஆளாகி, பின்னர் இறந்தான். அவனுக்காகப் பள்ளியில் வைத்திருந்த ஊசி காலாவதியாகியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஊசி இருக்கிறது என்ற நினைவு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

உடலெங்கும் தடிப்புடன் மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொண்டை இறுக்கம், தொடர் வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் தயங்க வேண்டாம். ஒவ்வாத பொருள் உட்சென்றது உறுதியாகத் தெரிந்தால், தடிப்பே இல்லாமலும் இது வரலாம்.

1. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் கால்களை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுப்போரையும் கர்ப்பிணிகளையும் இடப்புறமாகப் படுக்க வையுங்கள். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். திடீரென எழுவது இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.
2. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத்தில், ஊசியை நேராகச் செலுத்துங்கள்.
3. 108-ஐ அழையுங்கள். கர்நாடகத்திலும் இதே எண்தான். எல்லைப் பகுதியில் இருப்பதால் ஊரையும் மாநிலத்தையும் முதலில் சொல்லுங்கள்.
4. முன்னேற்றம் இல்லையெனில் 5 நிமிடங்களுக்குப் பின் மறு தொடையில் இரண்டாவது ஊசி போடுங்கள்.

ஊசிக்குப் பின் சிறிது நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும். அவை தாமே அடங்கும். இதய நோய் உள்ளவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். ஆயினும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் அவர்களுக்கும் இம்மருந்தே முதன்மையானது. குணமானதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். சில மணி நேரங்களில் அறிகுறிகள் திரும்பக்கூடும்.

வீட்டைவிட்டுப் புறப்படும்போது கைப்பேசியும் பணப்பையும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கிறோம். அவற்றோடு இந்தக் கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எங்களைக் காண வரும்போது கூட்டையும் எடுத்து வாருங்கள். தேதியையும் நிறத்தையும் பார்த்து, ஊசி போடும் முறையை உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மீண்டும் ஒருமுறை கற்றுத் தருகிறோம்.