குளிராத குளிர்ச்சி

ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை வாயில் போட்டுக் கரையும்வரை சப்புங்கள். பிறகு பானையிலோ ஃபிரிட்ஜிலோ வைக்காத சாதாரணத் தண்ணீரை ஒரு மடக்குக் குடியுங்கள். ஐஸ் தண்ணீர் குடித்ததுபோல் தொண்டைவரை சில்லென்று இறங்கும். தண்ணீர் குளிரவில்லை. மிட்டாயும் உங்கள் வாயைக் குளிர வைக்கவில்லை. அப்படியானால் அந்தச் சில்லிப்பு எங்கிருந்து வந்தது?

நரம்பிலிருந்து வந்தது. நம் நாக்கிலும் தோலிலும் மூக்கின் உள்பக்கத்திலும் நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. அந்த முனைகளில் புரதத்தால் ஆன மிக நுண்ணிய கதவுகள் உண்டு. அவற்றில் ஒரு வகைக் கதவு, சூடு சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் திறக்கும். திறந்ததும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பில் ஒரு மின் துடிப்பு கிளம்பி மூளைக்கு ஓடும். மூளை அதைக் குளிர் என்று படித்துக்கொள்ளும்.

புதினா வகைச் செடிகளின் எண்ணெயில் மென்தால் என்ற பொருள் இருக்கிறது. அது இந்தக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு, குளிரே இல்லாதபோதும் கதவைத் திறந்துவிடுகிறது. கதவு திறந்ததா இல்லையா என்பதுதான் மூளைக்குத் தெரியும். திறந்தது யார் என்று கேட்க அதற்கு வழியில்லை. மென்தால் ஒட்டியிருக்கும் கதவு கொஞ்சம் இளகியும் போகிறது. அதனால்தான் வெறும் தண்ணீர் பட்டாலே அகலத் திறந்துகொள்கிறது.

மிளகாயின் காரமும் இப்படித்தான். அது போய்த் திறப்பது சூட்டுக் கதவை. 43 டிகிரிக்கு மேல் திறக்கவேண்டிய அந்தக் கதவை 1997-இல் கண்டுபிடித்தது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. குளிர்க் கதவை 2002-இல் அவர் குழு ஒரு பக்கமும், விஞ்ஞானி ஆர்டெம் பட்டபூட்டியனின் குழு இன்னொரு பக்கமும் தனித்தனியே கண்டுபிடித்தன. இரு குழுவும் மென்தாலைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டன. சூட்டையும் தொடுதலையும் நாம் எப்படி உணர்கிறோம் என்று காட்டியதற்காக 2021-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் சமையலறையில் கிடக்கும் மிளகாயும் புதினாவும் எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியிருக்கின்றன, பாருங்கள்!

சளி பிடித்து மூக்கு அடைத்தால் வீட்டில் மென்தால் கலந்த தைலம் தடவுவார்கள். உடனே மூக்கு திறந்துகொண்டதுபோல் இருக்கும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1980-களில் இதைச் சோதித்தார்கள். மென்தாலை முகர்ந்தவர்கள் மூச்சு நன்றாகப் போகிறது என்றார்கள். மூக்கு வழியே போகும் காற்றை அளந்து பார்த்தால் அடைப்பில் மாற்றமே இல்லை! மூக்கினுள் குளிர்க் கதவுகள் திறந்ததைத்தான் அவர்கள் காற்றோட்டம் என்று உணர்ந்திருக்கிறார்கள். ஆறுதல் உண்மைதான், அடைப்பு மட்டும் போகவில்லை.

கிராம்பு எண்ணெய்க்கு வேறு வேலை. அதிலுள்ள யூஜினால், நரம்பில் துடிப்பு ஓடுவதற்குத் தேவையான சோடியம் கதவுகளை அடைக்கிறது. பல் கூச்சல் போட்டாலும் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது, அந்த இடம் மரத்துப்போகும். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைத்துச் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். மீன்களை ஆராய்பவர்கள் தண்ணீரில் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் கலந்து மீனை மயங்க வைத்து, நீளமும் எடையும் அளந்துவிட்டு நல்ல தண்ணீரில் விடுகிறார்கள். மீன் தெளிந்து நீந்திப்போகும்.

மணம் மூக்கு வழியாகவும் மூளையைத் தொடுகிறது. மல்லிகைப் பூவிலும் கொத்தமல்லி விதையிலும் லாவெண்டரிலும் லினலூல் என்ற மணப்பொருள் இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இதை முகரக் கொடுத்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. முகரும் திறனை இழந்த எலிகளிடம் அந்த மாற்றம் வரவில்லை. லினலூல் ரத்தத்தில் கலந்து வேலை செய்யவில்லை, முகரும் நரம்பின் வழியே வேலை செய்திருக்கிறது என்று 2018-இல் எழுதினார்கள். எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மனிதர்களிடம் தனியே சோதிக்கவேண்டும்.

செடிகள் இந்த எண்ணெய்களை நமக்காகச் செய்யவில்லை. ஓடித் தப்பிக்க முடியாத செடிக்குப் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட ஒரு வழி வேண்டும். புதினா இலையின் மேல் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. இலையைக் கசக்கினாலோ கடித்தாலோ அவை உடையும். பல பூச்சிகளின் நரம்பைத்தான் இந்த எண்ணெய்கள் தாக்குகின்றன. பூச்சியின் நரம்பைக் குலைக்கும் பொருள், அளவு மிஞ்சினால் நம் நரம்பையும் குலைக்கும்.

இதற்குக் கற்பூரத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சீக்கிரமே ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும். அங்கே நரம்புகள் கட்டுமீறித் துடிக்கும், வலிப்பு வரும். 1934-இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் லாடிஸ்லாஸ் மெதூனா, வலிப்பு வந்தால் மனநோய் தணியும் என்று நம்பி, அதை வரவழைக்க நோயாளிக்குக் கற்பூரத்தைத்தான் ஊசியில் போட்டார். அவ்வளவு வலுவான பொருள் நம் பூஜை அறையில் வெள்ளைக் கட்டியாக, மிட்டாய்போல இருக்கிறது. தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால், விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் கற்பூரம் உள்ளே போகும். கைக்குழந்தையின் மெல்லிய தோலில் அது எளிது. அதனால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவது நல்லதல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே தைலமும் கூடாது, அது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். யூகலிப்டஸ் தைலத்தை விழுங்கினாலும் ஆபத்துதான்.

இன்றைக்கே வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். கற்பூர டப்பா, தைல பாட்டில், கிராம்பு எண்ணெய் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தம்பி, தங்கை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.