சொடக்கு எடுத்தால் சத்தம் ஏன்?

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை ஒரு திருப்பு திருப்புவார்கள். 'சொடக்'! விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எலும்பு எங்கும் விலகியிருக்கவில்லை. சத்தம் மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது.

மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து குமிழியாகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் நடப்பதும் இதுதான். 1971-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் குமிழி உடைவதே சத்தம் என்றார்கள். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, விரலை இழுத்துக்கொண்டே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, இல்லை, குமிழி உருவாகும்போதே சத்தம் வருகிறது என்றது. 2018-இல் ஒரு கணித மாதிரி, குமிழி ஓரளவு உடைந்தாலே போதும் என்று மறுபடி பழைய பக்கம் சாய்ந்தது. இவ்வளவு சின்ன சத்தத்துக்கு இத்தனை வழக்கு! ஒருமுறை சொடக்கிய விரல் மறுபடி சொடக்க சுமார் 20 நிமிடம் ஆகும்.

அப்படியானால் சொடக்கு எடுத்ததும் வலி குறைவது எப்படி? திடீர் இழுப்பு நரம்புகளைத் தூண்ட, தசை சற்று நேரம் தளர்கிறது, வலி உணர்வும் மட்டுப்படுகிறது. முதுகுவலிக்காரர்களுக்கு இப்படிச் சொடக்கெடுத்துப் பார்த்த ஆய்வில், சத்தம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை.

விரல் பரவாயில்லை. கழுத்து அப்படியல்ல. அதிலுள்ள தமனியின் உட்சுவர் அரிதாகக் கிழிந்து பக்கவாதம் வரலாம். சலூனில் கழுத்தைத் திருப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.